கணிப்பில் நடுவர் எங்கே?

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஓய்வே கிடையாது. "அக்கா, நாளைக்கு யாரு ஜெயிப்பா?" காற்பந்தாக இருந்தாலும் பூப்பந்தாக இருந்தாலும் கேள்வி இதுதான். வானொலியில் பேசுகிறவளுக்கு முடிவு முன்கூட்டியே தெரியும் என்று சில நேயர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். என் சித்தப்பாவும் அந்தக் கட்சிதான். தே தாரிக் வாங்கித் தருகிறேன், காதோடு மட்டும் சொல் என்பார்.

அவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அந்தப் பதிலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது, அதுவரை நான் பார்த்தேயிராத ஒரு விளையாட்டின் ஓர் ஆட்டம்.

2009ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம். பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறை மாணவி நான். ஒளிபரப்புப் பாடம் எடுத்த விரிவுரையாளர் ஒரு நாள் காலி பிஸ்கட் டின்னோடு வகுப்புக்கு வந்தார். உள்ளே மடித்த சீட்டுகள். ஒவ்வொன்றிலும் எங்களுக்குப் பரிச்சயமில்லாத ஒரு விளையாட்டின் பெயர். எந்த விளையாட்டு வருகிறதோ, அதில் அந்த வாரம் நடக்கப்போகும் ஓர் ஆட்டத்தைக் கணித்து, வானொலியில் மூன்று நிமிடம் வாசிக்கும் அளவுக்கு எழுதித் தர வேண்டும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பக்கத்தில் இருந்த தோழிக்கு சூமோ. எனக்கு பேஸ்பால்.

பள்ளித் திடலில் சாஃப்ட்பால் ஆடியிருக்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்தை வீசுகிறவர் பிட்சர். அடிக்கிறவர் நான்கு பேஸ்களையும் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். மூன்று பேர் அவுட் ஆனால் அடுத்த அணியின் முறை. இப்படி ஒன்பது இன்னிங்ஸ். சமநிலை என்றால் யாராவது ஜெயிக்கும்வரை பத்து, பதினொன்று என்று நீளும்.

அமெரிக்காவின் பெரிய லீக்கில் ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். ஆறு மாதம் ஏறத்தாழ தினமும் ஆட்டம். அத்தனையும் முடிந்து ஒரு பிரிவின் முதலிடத்தில் இரண்டு அணிகள் சமமாக நின்றால், அந்தக் காலத்தில் ஒரே ஓர் ஆட்டம் கூடுதலாக வைப்பார்கள். 163வது ஆட்டம். ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்கு, தோற்றவர் வீட்டுக்கு.

அந்த வாரம் எனக்கு வாய்த்தது அப்படிப்பட்ட ஆட்டம். டெட்ராய்ட் டைகர்ஸ், மினசோட்டா டுவின்ஸ் இரண்டும் 86 வெற்றி, 76 தோல்வி. செப்டம்பர் தொடக்கத்தில் டெட்ராய்ட் ஏழு ஆட்டங்கள் முன்னிலையில் இருந்தது. நான்கே ஆட்டங்கள் பாக்கி இருந்தபோதும் மூன்று ஆட்ட முன்னிலை கையில் இருந்தது. பிறகு மினசோட்டா வரிசையாக நான்கையும் ஜெயித்தது. டெட்ராய்ட் மூன்றில் தோற்று, கடைசி நாளில் மட்டும் ஜெயித்து எப்படியோ சமநிலையைக் காப்பாற்றிக்கொண்டது.

திங்கட்கிழமையே ஆட வேண்டிய ஆட்டம் இது. ஆனால் மினசோட்டாவின் மெட்ரோடோம் அரங்கில் அன்றிரவு அமெரிக்கக் காற்பந்து ஆட்டம் ஒன்று ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்தது. அதனால் 6ஆம் தேதி செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போனது. நம் நேரப்படி புதன்கிழமை விடியற்காலை.

என் கணிப்பு: மினசோட்டா ஜெயிக்கும். காரணம் மூன்று எழுதினேன்.

ஒன்று, பிட்சர். டெட்ராய்ட்டின் தலைசிறந்த பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டர் ஞாயிற்றுக்கிழமைதான் வீசி அணியைக் காப்பாற்றியிருந்தார். இரண்டே நாளில் அவரை மறுபடியும் இறக்க முடியாது. பந்து 20 வயது ரிக் போர்செல்லோவின் கையில்.

இரண்டு, இடம். மெட்ரோடோமின் கூரை வெள்ளைத் துணியால் ஆனது. உயரே போன பந்து அந்த வெள்ளையில் கலந்து காணாமல் போகும். ஐம்பதாயிரம் பேர் மூடிய கூரைக்குள் கத்தினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அந்த அரங்கு கிடைத்ததற்குப் பின்னால் ஒரு கதையும் இருக்கிறது. முந்தைய ஆண்டு, 2008இல், இதே மினசோட்டா இதே மாதிரி சமநிலையில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியோடு நின்றது. இரு அணிகளும் நேருக்கு நேர் மோதியதில் மினசோட்டாதான் அதிகம் ஜெயித்திருந்தது. ஆனால் யார் ஊரில் ஆட்டம் என்பதை நாணயம் சுண்டித்தான் முடிவு செய்தார்கள். காசு சிகாகோ பக்கம் விழுந்தது. ஆட்டம் 1-0, சிகாகோ ஜெயித்தது. அதன்பின் விதி மாறியது. நேருக்கு நேர் மோதலில் யார் கை ஓங்கியதோ, அவர் ஊரில் ஆட்டம். 2009இல் மினசோட்டா டெட்ராய்ட்டை 11-7 என்று வென்றிருந்தது. வீட்டுத் திடல் கிடைத்தது.

மூன்று, ஜோ மவர். அந்த ஆண்டு 0.365 சராசரியோடு அமெரிக்கன் லீக்கிலேயே முதலிடம் பிடித்த ஆட்டக்காரர். மண்ணின் மைந்தர் வேறு.

எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னைப் பொறுத்தவரை எதையும் விட்டுவைக்கவில்லை.

புதன்கிழமை விடியற்காலை 5 மணிக்கு விடுதி அறையில் கணினிமுன் உட்கார்ந்தேன். படம் இல்லை. யார் வீசினார், யார் அடித்தார், என்ன ஆயிற்று என்று எழுத்தாக மட்டும் ஒவ்வொரு வரியாக வந்தது.

முதலில் டெட்ராய்ட் 3-0. எட்டு மணி வகுப்பை மறந்துவிட வேண்டியதுதான் என்று அப்போதே புரிந்துவிட்டது. ஏழாவது இன்னிங்ஸில் மினசோட்டா 4-3 என்று முந்தியது. எட்டாவதில் 4-4. ஒன்பது முடிந்தும் முடிவில்லை.

பத்தாவதில் டெட்ராய்ட்டின் பிராண்டன் இஞ்ச் அடித்த அடியில் 5-4. மினசோட்டாவின் முறை வந்தபோது, இடப்பக்கம் காவலில் இருந்த ரயன் ரேபர்ன் தாழ்வாக வந்த பந்தைப் பாய்ந்து பிடிக்கப் பார்த்தார். பந்து அவரைத் தாண்டி ஓடியது. 5-5. அதே ரேபர்ன் அடுத்த சில நிமிடங்களில் ஒரு பந்தைப் பிடித்து, ஓடிவந்த அலெக்ஸி கசீயாவை ஹோம் பிளேட்டில் அவுட் ஆக்கினார். கசீயா கிளம்பியதில் ஒரு நொடி தாமதம். இல்லாவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.

பன்னிரண்டாவது இன்னிங்ஸ். டெட்ராய்ட் ஆடுகிறது. மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறார்கள். ஒருவர் மட்டும் அவுட். மீண்டும் இஞ்ச். பாபி கெப்பல் பந்தை வீசினார். என் திரையில் ஒரே ஒரு சொல் வந்தது: "பால்". வீசிய பந்து சரியான எல்லைக்குள் இல்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் என்று நினைத்து அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வரியில் இஞ்ச் தரையோடு அடித்தார், மூன்றாவது பேஸிலிருந்து வந்தவர் அவுட். அதற்கடுத்தவரும் அவுட். டெட்ராய்ட்டுக்கு ஓட்டமே இல்லை. பிறகு மினசோட்டா முறை. கார்லோஸ் கோமெஸ் இரண்டாவது பேஸில் நிற்க, பந்தை அடிக்க வந்தவர் அலெக்ஸி கசீயா. ஆம், தாமதமாகக் கிளம்பி அவுட் ஆனாரே, அவரேதான். அந்தப் பருவத்தில் அவருடைய சராசரி 0.202. வலப்பக்கம் ஒரு அடி. கோமெஸ் ஓடி வந்து சேர்ந்தார். மினசோட்டா 6, டெட்ராய்ட் 5.

என் கணிப்பு பலித்துவிட்டது! விடுதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பேஸ்பால் என்றால் என்ன என்று கேட்டவர்களிடமும் சொன்னேன்.

அடுத்த வாரம் தாள் திரும்பி வந்தது. 10க்கு 6. கீழே சிவப்பு மையில் ஒரு வரி: "வெற்றியாளர் சரி. உங்கள் கணிப்பில் நடுவர் எங்கே?"

சார் அந்தப் பன்னிரண்டாவது இன்னிங்ஸின் காணொளியை எனக்குப் போட்டுக் காட்டினார். நான் "பால்" என்று ஒரு சொல்லில் தாண்டிப்போன அந்தப் பந்து இஞ்சின் தொளதொளச் சட்டையை உரசியதுபோலத்தான் தெரிந்தது. பேஸ்பாலில் வீசிய பந்து உடம்பிலோ உடையிலோ பட்டால் ஆடுகிறவருக்கு முதல் பேஸ் இலவசம். மூன்று பேஸிலும் ஆள் இருந்தால், ஒவ்வொருவரும் ஒரு பேஸ் நகர்ந்து ஓர் ஓட்டம் தானாகவே வந்துவிடும். டெட்ராய்ட் 6-5 என்று முந்தியிருக்க வேண்டும். நடுவர் ராண்டி மார்ஷ் படவில்லை என்றார். அந்த நாளில் காணொளியைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றும் வசதி ஹோம் ரன் சர்ச்சைகளுக்கு மட்டும்தான் இருந்தது. சட்டையில் பட்டதா இல்லையா என்று யாரும் திரும்பிப் பார்க்க வழியில்லை.

"நடுவர் தப்பு செய்வார் என்று எப்படி சார் முன்கூட்டியே சொல்ல முடியும்?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது. ஆனால் திடலில் அப்படி ஒரு மனிதரும் நிற்கிறார் என்று நேயருக்குச் சொல்லலாமே," என்றார். பிறகு இன்னொன்றும் கேட்டார். "அந்த ஓட்டத்தைக் கொடுத்திருந்தால் டெட்ராய்ட் ஜெயித்திருக்குமா?"

ஜெயித்திருக்கும் என்றேன் அவசரமாக. அவர் தலையை ஆட்டினார். கொடுத்திருந்தாலும் மினசோட்டாவுக்கு முறை பாக்கி இருந்தது. கொடுக்காதபோதும் டெட்ராய்ட்டுக்கு மூன்று பேஸிலும் ஆள் இருந்தார்கள், இரண்டு வாய்ப்பு இருந்தது. பத்தாவது இன்னிங்ஸில் பாயாமல் நின்றிருந்தால் அப்போதே முடிந்திருக்கலாம். நடுவரை மறந்துவிட்டுக் கணிப்பது ஒரு தப்பு என்றால், தோல்வி முழுவதையும் நடுவர் தலையில் கட்டுவது இன்னொரு தப்பு. இரண்டையும் நான் ஒரே வாரத்தில் செய்திருந்தேன்.

கதை அங்கே முடியவில்லை. மூன்றே நாள் கழித்து, 9ஆம் தேதி, ஜெயித்த மினசோட்டா நியூயார்க்கில் யாங்கீஸ் அணியோடு ஆடியது. 3-3, பதினோராவது இன்னிங்ஸ். நம் ஜோ மவர் இடக்கோட்டை ஒட்டி ஒரு பந்தை அடித்தார். அது காவலரின் கையுறையில் பட்டு, கோட்டுக்கு உள்ளேதான் விழுந்தது. சில அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்த நடுவர் பில் குஸ்ஸி வெளியே என்று கை காட்டினார். தப்பு என்று நடுவர் குழுவின் தலைவரே ஆட்டம் முடிந்தபின் ஒப்புக்கொண்டார். ஆனால் மினசோட்டா 4-3 என்று தோற்றுவிட்டது. அதிலும் ஒரு நியாயம் பார்க்க வேண்டும். அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் மவர் அடித்து முதல் பேஸுக்குப் போனார், ஒருவரும் அவுட் ஆகாமல் மூன்று பேஸிலும் ஆள் நின்றார்கள். ஓர் ஓட்டம்கூட எடுக்க முடியவில்லை.

அடுத்தது 2010, ஜூன் 2. இம்முறை டெட்ராய்ட்டின் சொந்தத் திடல். அர்மாண்டோ காலராகா என்ற பிட்சர் கிளீவ்லாந்து அணியின் 26 பேரையும் வரிசையாக அவுட் ஆக்கிவிட்டார். இன்னும் ஒரே ஒருவர். 27 பேரையும் ஒருவர்கூட பேஸ் தொடாமல் அனுப்பினால் அதற்கு பர்ஃபெக்ட் கேம் என்று பெயர். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பெரிய லீக் வரலாற்றில் அதுவரை 20 பேர் மட்டும் செய்த சாதனை. 27வது ஆள் ஜேசன் டொனால்ட் அடித்தார். பந்து முதல் பேஸுக்கு வந்தது. காலராகாவே ஓடிப்போய் பந்தை வாங்கி பேஸை மிதித்தார். டொனால்ட் வந்து சேர ஓர் எட்டு பாக்கி இருந்தது. நடுவர் ஜிம் ஜாய்ஸ் இரண்டு கையையும் விரித்தார். அவுட் இல்லை!

சார் இந்தக் காணொளியை வகுப்பில் போட்டு, அந்த இடத்தில் நிறுத்தினார். "கணியுங்கள். இந்த நடுவர் இனி என்ன செய்வார்?"

நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். நான் நின்ற கோணத்தில் அப்படித்தான் தெரிந்தது என்பார். விதிப்படி என் தீர்ப்பே இறுதி என்பார். பேசாமல் கிளம்பிவிடுவார். நான் சொன்னது மூன்றாவது.

ஒருவர் கணிப்பும் பலிக்கவில்லை. ஜாய்ஸ் ஆட்டம் முடிந்ததும் காணொளியைப் பார்த்தார். அந்தப் பையனின் சாதனையை நான் பறித்துவிட்டேன் என்று செய்தியாளர்களிடம் நேரடியாகச் சொன்னார். காலராகாவைச் சந்தித்துக் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். காலராகா அவரை அணைத்துக்கொண்டார். தவறாத மனிதர் யார் என்பதுதான் அவருடைய பதிலாக இருந்தது. மறுநாள் அதே இரண்டு அணிகளுக்கு மீண்டும் ஆட்டம். ஜாய்ஸ் விடுப்பு எடுக்கவில்லை. ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் வந்து நின்றார். ஆட்டக்காரர் பட்டியலை நடுவரிடம் கொடுக்க டெட்ராய்ட் அனுப்பியது காலராகாவை. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை வாங்கி, அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். எட்டு மாதத்துக்கு முன் அந்தச் சட்டைத் தீர்ப்பில் நொந்துபோன அதே அணியின் ரசிகர்கள் பலர் நடுவருக்குக் கை தட்டினார்கள்.

தீர்ப்பை மட்டும் யாரும் மாற்றவில்லை. காலராகாவின் பெயர் அந்தப் பட்டியலில் இன்றும் இல்லை.

விதிகள் மாறின. 2014 முதல் பந்து சட்டையில் பட்டதா, கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, முதல் பேஸில் அவுட்டா என்று மூன்றையும் காணொளியில் சரிபார்க்கலாம். அதாவது நான் மேலே சொன்ன மூன்று தீர்ப்பையும். 2022இல் 163வது ஆட்டத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது சமநிலை வந்தால் கணக்குப் பார்த்தே முடிவு. பந்து சரியான எல்லைக்குள் வந்ததா என்ற நடுவரின் தீர்ப்பையும் 2026 பருவத்திலிருந்து கேள்வி கேட்கலாம். ஓர் அணிக்கு இரண்டு முறையீடு. பிட்சரோ, கேட்ச்சரோ, அடிக்கிறவரோ தலையைத் தட்டினால் போதும், கேமராக்கள் பதில் சொல்லும். முறையீடு சரியாக இருந்தால் அது கணக்கில் குறையாது. கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது புதிதில்லை.

இத்தனையும் தெரிந்தவள் நான். இருந்தும் போன வருடம் என்ன செய்தேன் தெரியுமா?

எங்கள் வானொலிப் புதிர்ப்போட்டியின் இறுதிச் சுற்று. இருவர் சமநிலை. ஒருவர் ஜொகூரில் கணக்காளராக வேலை பார்க்கும் பெண். இன்னொருவர் பேராக்கிலிருந்து பன்னிரண்டு வயதுப் பையன். முடிவைத் தீர்மானிக்க ஒரே ஒரு கேள்வி. தோமஸ் கிண்ணத்தை மலேசியா எத்தனை முறை வென்றிருக்கிறது?

பையன்தான் முதலில் சொன்னான். "ரெண்டு, அக்கா."

என் கையில் இருந்த அட்டையில் 5 என்று இருந்தது. "தவறு!" என்றேன், மணியை அடித்தேன். அந்தப் பெண் ஐந்து என்றார். பரிசுக்கூடை அவருக்கு.

நிகழ்ச்சி முடிந்ததும் பையனின் தாத்தா அழைத்தார். கோபமில்லை. "ஏம்மா, 1949, 52, 55 மூணும் மலாயா ஜெயிச்சது. மலேசியா பொறந்ததே 1963லதானே? அப்புறம் 67, 92. பையன் ரெண்டுன்னு சொன்னது தப்பாம்மா?"

கணக்கு எனக்கு உடனே புரிந்தது. பட்டியல்கள் மலாயாவின் வெற்றிகளையும் சேர்த்து ஐந்து என்று சொல்லும். நான் கேட்ட கேள்வியின்படி பார்த்தால் பையன் சொன்னதும் சரி. புரிந்தும் என் வாயில் வந்தது இதுதான்: "ஐயா, விதிமுறைப்படி அறிவிப்பாளர் முடிவே இறுதியானதுங்க."

வகுப்பில் நாங்கள் ஜாய்ஸைப் பற்றிக் கணித்த அதே பதில். போனை வைத்தபிறகும் அது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஜாய்ஸ் ஆட்டம் முடிந்த கையோடு சொன்னதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. அடுத்த நிகழ்ச்சியைத் தொடங்கும்போதே, நான் கேட்ட கேள்வி தெளிவாக இல்லை, தம்பி சொன்ன பதிலும் சரிதான், மன்னிக்க வேண்டும் என்றேன். பரிசு வாங்கியவர் மீது தவறேதும் இல்லை, அதை மாற்றவில்லை. இன்னொரு கூடை பேராக்குக்குப் போனது. பிறகு பையனை அழைத்தேன்.

"சரிக்கா," என்றான். கொஞ்சம் யோசித்தான். "அடுத்த தடவ கேள்விய ஒழுங்கா கேளுங்க."

அந்த அட்டை இன்னும் என் மேசையில் இருக்கிறது. "மலாயா காலத்தையும் சேர்த்து" என்று பேனாவால் இடையில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது இறுதிச் சுற்றுக் கேள்விகளை இரண்டு பேர் பார்த்த பிறகுதான் நான் தொடுகிறேன். பதிலில் சந்தேகம் என்றால் நேயர்கள் நிகழ்ச்சி முடிவதற்குள் அழைத்துக் கேட்கலாம் என்றும் அறிவிக்கிறோம். போன மாதம் ஒரு பாட்டி அழைத்தார். அவர் சொன்னதுதான் சரி.

ஆகவே இந்த வெள்ளிக்கிழமையும் யார் ஜெயிப்பார்கள் என்று கேளுங்கள், என் கணிப்பைச் சொல்கிறேன். பிட்சர், திடல், காயம் எல்லாம் பார்த்துத்தான் சொல்வேன். கூடவே, நடுவரும் மனிதர்தான் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வேன். சித்தப்பா, தே தாரிக் வாங்கித் தருவதாகச் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.